முற்றம் முழுக்கத் தெள்ளா? நாயை விரட்டாதீர்கள்... ஒழிக்கப்போவதே அதுதான்!

மழைக்காலம் முடியும் நேரம். கொல்லைப்புறத்தில் துணி காயப்போடப் போன அம்மா, காலைத் தட்டியபடியே உள்ளே வருகிறார். கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாகச் சின்னச் சின்னத் தடிப்புகள். 'கொசுவா இருக்கும்' என்று முதல் நாள் விட்டுவிடுகிறார்கள். மறுநாள், ஷெட்டில் கட்டியிருக்கும் நாய் வாலடியைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிகிறது. தெள்ளு!

அடுத்து என்ன நடக்கும்? பல வீடுகளில் ஒரே கதைதான். நாயைக் குளிப்பாட்டுவார்கள். நான்கு நாள் நிம்மதி. மறுபடியும் சொறியும். வேறு ஷாம்பூ, வேறு பவுடர். மூன்றாவது முறையும் தெள்ளு வந்துவிட்டால், "இந்த நாயே வேணாம், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

நாயை அனுப்பிவிட்டால் தெள்ளு போய்விடுமா? போகாது. அதன் பிறகுதான் வீட்டு மனிதர்களை இன்னும் அதிகமாகக் கடிக்கும். காரணம், தெள்ளின் வீடு நாயின் உடம்பு மட்டுமல்ல. அந்த நாய் படுத்துப் புரளும் மண்ணும்தான்.

உண்ணி வேறு, தெள்ளு வேறு

இரண்டையும் ஒன்றாக நினைத்து மருந்து வாங்குகிறவர்கள் அதிகம். உண்ணிக்கு எட்டுக் கால்கள். தோலில் வாயைப் பதித்து ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் குடித்ததும் பட்டாணி போல உப்பும். தெள்ளுக்கு ஆறு கால்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டு பக்கமும் அழுத்திவிட்டது போலத் தட்டையான, பழுப்பு நிற உடம்பு. இறக்கை கிடையாது. ஆனால், முடிக்கு நடுவே சரசரவென்று ஓடும். பிடிக்கப் போனால் தாவிவிடும்.

பூச்சி கண்ணில் படாவிட்டாலும் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வெள்ளைத் துணியையோ டிஷ்யூ பேப்பரையோ ஈரப்படுத்தி விரியுங்கள். நாயின் வாலடியிலும் முதுகிலும் சீப்பால் வாரி, உதிர்கிற கறுப்புத் துகள்களை அதில் தட்டுங்கள். சிறிது நேரத்தில் அவற்றைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால், அது மண் அல்ல. தெள்ளின் எச்சம். நாயின் ரத்தம்தான் செரிமானமாகி அப்படி வெளியே வந்திருக்கிறது.

ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களிடம் இதைச் சட்டென்று பார்த்துவிடலாம். கறுப்பு, செம்மண் நிற நாய்களிடம் வயிற்றின் அடிப்பகுதியையும் தொடையின் உள்பக்கத்தையும் விலக்கிப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவது 5 சதவிகிதம்தான்!

நாய் மேல் ஓடுகிற தெள்ளுகளை மட்டும் பார்த்து, 'மொத்தமே பத்து, இருபதுதான்' என்று நினைத்துவிடுகிறோம். கால்நடை மருத்துவப் பாடங்களில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு வேறு. ஓர் இடத்தில் இருக்கும் மொத்தத் தெள்ளுகளில் வளர்ந்தவை சுமார் 5 சதவிகிதம்தான். மீதி 95 சதவிகிதம் முட்டைகளாகவும் புழுக்களாகவும் கூட்டுப்புழுக்களாகவும் சுற்றுப்புறத்தில் கிடக்கின்றன.

அவை அங்கே எப்படி வந்தன? நாயின் உடம்பில் ஏறிய பெண் தெள்ளு, ரத்தம் குடித்த இரண்டு நாள்களுக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். நல்ல நிலையில் ஒரு நாளைக்கு 40 முதல் 50 முட்டைகள்கூட இடும். பத்துப் பெண் தெள்ளுகள் இருந்தாலே ஒரு வாரத்தில் சுமார் 3,000 முட்டைகள். பேனின் ஈரு முடியில் ஒட்டிக்கொள்ளும். தெள்ளின் முட்டை ஒட்டாது. வழுவழுவென்று உப்புத்தூள் போல உதிரும். நாய் எங்கே படுக்கிறதோ, எங்கே உடம்பை உதறுகிறதோ, அங்கெல்லாம் விதைத்துவிட்டுப் போகும்.

வெதுவெதுப்பான நேரத்தில் சில நாள்களிலேயே முட்டை பொரிந்து புழு வெளியே வரும். அது நாயைக் கடிக்காது. பெரிய தெள்ளுகள் போட்ட கறுப்பு எச்சம்தான் அதன் சாப்பாடு. வெளிச்சம் அதற்குப் பிடிக்காது. மண்ணுக்குள், சருகுக்கடியில், சாக்கின் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

பிறகு, பட்டு இழையால் கூடு கட்டும். கூட்டின் மேல் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொள்வதால் பார்த்தால் மண் துகள் போலவே இருக்கும். பெரும்பாலான பூச்சிக்கொல்லிகளால் இந்தக் கூட்டுக்குள் இருப்பதைக் கொல்ல முடியாது. சூழல் சாதகமாக இருந்தால் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறைத் தெள்ளு வர மூன்று வாரங்களே போதும். சாதகமாக இல்லாவிட்டால், கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும்.

எதற்காகக் காத்திருக்கும்? அருகில் ஓர் உயிர் வருவதற்காக. காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வெளிவரும் கரியமில வாயு... இவைதான் அதற்கு அழைப்பு மணி. விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பூட்டிய வீட்டைத் திறந்ததும் கூட்டமாகத் தெள்ளு கடிப்பதற்கு இதுவே காரணம்.

நாயை அனுப்பினால் என்ன ஆகும் என்பது இப்போது புரிந்திருக்கும். மண்ணிலிருந்து புதிது புதிதாக வெளியே வரும் தெள்ளுக்கு ஏற நாய் இருக்காது. அடுத்து அங்கே நடமாடுவது நம் வீட்டுக் குழந்தைகளின் கால்கள்தான்.

அதே நாய்க்கு மருத்துவர் சொன்ன மருந்தைக் கொடுத்து, அதே இடத்தில் நடமாட விட்டால்? மண்ணிலிருந்து வரும் தெள்ளு நாய் மேல் ஏறும். முட்டையிடுவதற்கு முன்பே சாகும். நாய்தான் நடமாடும் பொறி!

குட்டிகளுக்கு இது அரிப்பு மட்டுமல்ல

வளர்ந்த, திடமான நாய்க்குத் தெள்ளு பெரும்பாலும் தொல்லை. சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சிலே ஒத்துக்கொள்ளாது. நான்கைந்து கடிக்கே முடி கொட்டி, வாலடி முழுக்கப் புண்ணாகிவிடும்.

ஆனால், குட்டிகளுக்கு இது உயிர் பிரச்னை. சுமார் 70 பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரு நாளில் 1 மில்லிலிட்டர் ரத்தம் வரை உறிஞ்சிவிடும் என்பது ஆய்வுக் கணக்கு. கேட்கக் குறைவாகத் தோன்றும். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 80, 90 மில்லிலிட்டர்தான். இருநூறு தெள்ளுகள் இரண்டு வாரம் குடித்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப்போய் வெள்ளையாகத் தெரிந்தால், குட்டி சோர்ந்து பால் குடிக்காமல் படுத்திருந்தால், வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு விஷயம், நாடாப்புழு. தெள்ளின் புழு, நாடாப்புழு முட்டையைத் தின்றுவிடும். அது தெள்ளாக வளர்ந்து நாயைக் கடிக்கும்போது, நாய் சொறிந்து கடித்து அதை விழுங்கும். அப்படியே நாடாப்புழு நாயின் குடலுக்குள் போய்விடும். நாயின் ஆசனவாயைச் சுற்றியோ மலத்திலோ அரிசி மணி போன்ற துண்டுகள் ஒட்டியிருந்தால் அதுதான் அறிகுறி. நாயோடு விளையாடும் சின்னக் குழந்தைகள் தெரியாமல் தெள்ளை விழுங்கிவிட்டால், அரிதாக அவர்களுக்கும் இது வரலாம். மாத்திரையில் குணமாகிவிடும், ஆனால் மருத்துவர் பார்த்துத் தர வேண்டும்.

முதல் வேலை: வீட்டில் உள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நாளில் மருந்து

குளிப்பாட்டுவது தவறில்லை. அந்த நேரத்தில் உடம்பில் இருக்கும் தெள்ளுகள் குறையும். ஆனால், சாதாரணக் குளியலுக்கு அடுத்த நாள் பலன் கிடையாது. மண்ணில் காத்திருக்கும் தெள்ளு மறுநாளே ஏறிக்கொள்ளும். அதனால்தான் தொடர்ந்து வேலை செய்யும் மருந்து தேவைப்படுகிறது.

கால்நடை மருத்துவர்கள் இப்போது அதிகம் பரிந்துரைப்பவை இரண்டு வகை. ஒன்று, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலில் விடும் சொட்டு மருந்து. ஃபிப்ரோனில் கலந்தவை இதில் பிரபலம். முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். முடியின் மேல் ஊற்றினால் வீண். மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்பும், விட்ட பிறகு இரண்டு நாளும் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று, மென்று தின்னும் மாத்திரை. அஃபாக்ஸோலேனர் வகையை மாதம் ஒரு முறை தருவார்கள். ஃப்ளூரலேனர் வகை தெள்ளுக்கு 12 வாரம் வரை தாக்குப்பிடிக்கும். மழையில் நனையும், மண்ணில் புரளும் வெளிப்புற நாய்களுக்கு இது வசதி. ஆனால், இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமோ வலிப்போ வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்திருக்கிறது. உங்கள் நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

எந்த மருந்தானாலும் நாயின் வயது, எடை பார்த்துத்தான் அளவு. பெரிய நாயின் மருந்தைப் பாதியாக்கிக் குட்டிக்குக் கொடுப்பது ஆபத்து. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் கூடாது. மிதமான வெந்நீரில் நாய்க் குட்டிகளுக்கான மென்மையான ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, உடனே துவட்டி, பேன் சீப்பால் வாருங்கள். சீப்பில் வரும் தெள்ளுகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டால் செத்துவிடும். தாய் நாய்க்கு என்ன மருந்து தரலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய்க்கு மட்டும் போட்டுவிட்டுப் பூனையை விட்டுவிட்டால் எல்லாம் வீண். நாயின் மேல் இருப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளு இனம்தான். அதற்காக நாயின் மருந்தையே பூனைக்கும் போட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

இரண்டாவது வேலை: நிழலைத் தேடுங்கள்

முற்றம் முழுக்க மருந்தடிக்கக் கிளம்ப வேண்டாம். தெள்ளின் புழுவுக்கு ஈரப்பதம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 50 சதவிகிதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். சுள்ளென்று வெயில் விழும் வெட்டவெளியில் அதனால் பிழைக்க முடியாது. எனவே, நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டும் சேரும் இடங்களை: நிழலும் ஈரமும் இருக்கிற, நாய் வழக்கமாகப் படுக்கிற இடங்கள்.

ஒரு நாள் முழுக்க நாயைக் கவனியுங்கள். காலையில் எங்கே படுக்கிறது? உச்சி வெயிலில் எங்கே போகிறது? மாடிப்படிக்கு அடியிலா, மாமரத்தடியில் தோண்டிய குழியிலா, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலா, விறகு அடுக்கின் ஓரத்திலா, நிறுத்தி வைத்த கார், பைக்கின் நிழலிலா? அந்த நான்கைந்து இடங்கள்தான் தெள்ளின் தொட்டில்.

* சருகு, தென்னை மட்டை, உடைந்த செங்கல், பழைய சாமான் குவியலை அப்புறப்படுத்துங்கள். செடி, கொடிகளின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் வெயில் உள்ளே விழும்.

* பழைய கோணிச் சாக்கு, கிழிந்த போர்வை போன்ற படுக்கைகளைத் தூக்கிப் போடுவதே மேல். வைத்துக்கொள்வதென்றால், வாரம் ஒரு முறை கொதிக்கும் நீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் மொறுமொறுப்பாகக் காய வையுங்கள்.

* நாய் தோண்டிப் படுக்கும் குழிகளில் மேல்மண்ணை வாரி எடுங்கள். அதை வேறொரு நிழலில் கொட்டாமல், வெட்டவெளியில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிடுங்கள்.

* சிமென்ட் தரையென்றால் விரிசல்களில்தான் புழு இருக்கும். நாயை வேறு இடத்தில் கட்டிவிட்டு, கொதிநீரை விரிசல்களில் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் விரிசலைச் சிமென்ட்டால் பூசிவிடுங்கள்.

* தினமும் பெருக்கி, குப்பையைக் கவரில் போட்டு இறுகக் கட்டி அன்றைக்கே வெளியேற்றுங்கள். பெருக்கும் அதிர்வில் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளுகளும் வெளியே வரும். மருந்து போட்ட நாய் மேல் ஏறிச் சாகும்.

* படுக்க ஒரு பழைய கயிற்றுக் கட்டிலோ பலகையோ போட்டுக் கொடுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரம் இருந்தாலே அடியில் காற்றோடும், பெருக்கவும் வசதி.

* பெருச்சாளி வளை, தெருப்பூனை குட்டி போடும் மூலை, ஷெட்டின் கூரை இடுக்கு ஆகியவற்றைக் கம்பிவலையால் அடையுங்கள். வெளியிலிருந்து தெள்ளு வருவது இவற்றின் வழியாகத்தான்.

மருந்து தெளிக்கலாமா?

சுத்தம் செய்து, நாய்க்கு மருந்து போட்டும் ஒரு மாதத்தில் குறையவே இல்லையென்றால் யோசிக்கலாம். நாய் படுக்கும் நிழலான இடங்களில் மட்டும், வீட்டு உபயோகத்துக்கென்று அனுமதி பெற்ற மருந்தை, லேபிளில் உள்ள அளவில் தெளிக்க வேண்டும். பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைத்தால், 'தெள்ளு, புழுப் பருவத்தில் இருக்கிறது. வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து இருக்கிறதா?' என்று கேளுங்கள். பைரிப்ராக்ஸிஃபென் அப்படிப்பட்டது. முட்டையும் புழுவும் பெரிய தெள்ளாக மாறாமல் தடுக்கும். வெயிலில் சீக்கிரம் சிதையாது என்பதால் வெளிப்புறத்துக்கு ஏற்றது.

தெளித்த இடம் நன்றாகக் காயும்வரை நாய், பூனை, கோழி, குழந்தைகள் யாரும் அங்கே போகக் கூடாது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவை மீன்களுக்குக் கடும் விஷம். கிணறு, மீன் தொட்டி பக்கம் தெளிக்கவே வேண்டாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

வயல் மருந்து: பயிருக்கு அடிக்க வாங்கியதில் மிச்சமிருப்பதைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாயில் எச்சில் வடிதல், உடல் நடுக்கம், கண்பாவை சுருங்குதல், மூச்சுத்திணறல் என்று சில மணி நேரத்தில் நாய் இறந்துவிடக் கூடும். தெரியாமல் ஊற்றிவிட்டால், கையுறை போட்டுக்கொண்டு நாயை நிறைய தண்ணீரில் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

'அந்தக் காலத்து வெள்ளைப் பவுடர்': தாத்தா காலத்தில் தூவிய காமாக்சின் பவுடரைச் சிலர் இன்றும் தேடுகிறார்கள். அந்த பி.ஹெச்.சி. மருந்து இந்தியாவில் 1997-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

மண்ணெண்ணெய், டீசல்: தோல் வெந்துவிடும். நாய் நக்கினால் நுரையீரல்வரை பாதிக்கும்.

அந்துருண்டை, புகையிலைத் தண்ணீர்: இரண்டும் நாய்க்கு விஷம்.

பூண்டு: 'சோற்றில் பூண்டு போட்டால் தெள்ளு அண்டாது' என்பார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஏற்கெனவே ரத்தம் இழந்த நாய்க்கு இது இரட்டை அடி.

சுண்ணாம்பு, ப்ளீச்சிங் பவுடர்: ஈரத்தில் படுக்கும் நாயின் பாதத்தையும் கண்ணையும் அரித்துவிடும்.

வேப்பெண்ணெய்? ஓரளவு விரட்டும், ஆனால், முற்றமே நிறைந்த தெள்ளை அதனால் மட்டும் ஒழிக்க முடியாது. நீர்க்காமல் தடவினால் எரிச்சலும் வரும்.

மூன்று மாதம் பொறுமை வேண்டும்

பெரும்பாலானவர்கள் தோற்றுப்போவது இங்கேதான். மருந்து போட்ட முதல் வாரம் தெள்ளு குறையும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மறுபடி நாலு தெள்ளு கண்ணில் படும். 'மருந்து போலி' என்று நிறுத்திவிடுவார்கள்.

உண்மையில், மருந்துக்கு முன்பே மண்ணில் கூடு கட்டியவை அப்போதுதான் வெளியே வருகின்றன. அவை நாய் மேல் ஏறிச் சாக வேண்டும். புதிதாக முட்டை விழக் கூடாது. இது நடக்க, குறைந்தது மூன்று மாதமாவது நாயின் மருந்தை ஒரு தவணைகூடத் தள்ளிப்போடாமல் தர வேண்டும். இரண்டாவது மாதத் தவணையை மறந்துவிட்டால், ஏறுகிற பெண் தெள்ளுகள் மறுபடி முட்டையிடத் தொடங்கிவிடும். கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

போனில் தவணைத் தேதிக்கு ஓர் அலாரம் வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் படுக்கையைத் துவைப்பது, ஈரத் துணியில் சீப்புச் சோதனை செய்வது என்று இரண்டு வேலைகளைப் பழக்கமாக்குங்கள். தொடர்ந்து நான்கு வாரம் துணியில் செம்பழுப்புக் கறை தெரியவில்லையென்றால் முற்றம் சுத்தமாகி வருகிறது என்று அர்த்தம். அதன் பிறகும் அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தைத் தொடங்கிவிட்டால், 'இந்த நாயே வேணாம்' என்ற பேச்சுக்கே வீட்டில் இடமிருக்காது.